அறப்பணிக்கான சைக்கிள் ஓட்டத்தில் சேரலாமா? பெயர் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

செப்டம்பர் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், டொங்காட், வெருலம் வட்டாரங்களில் கோவில் சங்கங்களிலும் அலுவலகங்களிலும் வாட்ஸாப் குழுக்களிலும் ஒரே வகை அழைப்பு சுற்றத் தொடங்குகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை அக்டோபரில் நடக்கும் ‘அமஷோவா’ சைக்கிள் ஓட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஓட்டப் போகிறோம், நீங்களும் வாருங்கள், வர முடியாவிட்டால் நன்கொடையாவது தாருங்கள் என்பதே அந்த அழைப்பு. நவம்பரில் ஜொகன்னஸ்பர்க் ஓட்டத்துக்கும் மார்ச்சில் கேப் டவுன் ஓட்டத்துக்கும் அதே அழைப்பு மீண்டும் வரும். நோக்கம் நல்லது என்ற ஒரே காரணத்தால் சிலர் யோசிக்காமல் பெயர் கொடுத்துவிடுகிறார்கள்; இவர்கள் ஊர் சுற்றுவதற்கு நாம் ஏன் பணம் தர வேண்டும் என்று வேறு சிலர் முற்றாக ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே குழப்பம்தான் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுவதையும் அறம் செய்வதையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம்.

ஓட்டம் உங்கள் உடலுக்கும் மனத்துக்கும் உரியது; அதன் செலவும் உங்களுடையது. திரட்டும் பணமோ இன்னொருவருக்கு உரியது. உங்கள் கை வழியாகப் போனாலும் அதில் ஒரு ராண்டும் உங்களுடையதல்ல. இந்த இரண்டு கணக்குகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ளக்கூடியவர் தயங்காமல் சேரலாம். வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றினால், இந்த ஆண்டு வேறு வகையில் உதவுவதே நல்லது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில், உங்களை அழைப்பது எந்த வகையான ஓட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா ஓட்டங்களையும் ‘சாரிட்டி ரைடு’ என்ற ஒரே பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் பணம் ஓடும் வழி ஒவ்வொன்றிலும் வேறு. முதல் வகையில் ஓட்டத்தை நடத்தும் அமைப்பே அதில் மிஞ்சும் பணத்தைத் தொண்டுக்குக் கொடுக்கிறது. கேப் டவுன் ஓட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சைக்கிள் பாதைகள் வேண்டும் என்று கேட்டு 1977-இல் நடந்த ஓர் ஊர்வலத்திலிருந்து பிறந்து, 1978-இல் ஐந்நூறுக்குச் சற்று அதிகமானவர்களுடன் போட்டியாகத் தொடங்கிய அந்த ஓட்டத்தில் இன்று பல்லாயிரம் பேர் பதிவு செய்கிறார்கள். அதை நடத்தும் அறக்கட்டளையின் பயனாளிகள் இருவர்: சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகப் பாடுபடும் பெடல் பவர் சங்கமும், சமூகப் பணிகளுக்குப் பணம் செலவிடும் கிளேர்மாண்ட் ரோட்டரி சங்கமும். ஆகவே அங்கே பதிவுக் கட்டணம் கட்டி ஓட்டினாலே ஒரு பகுதி பொதுப்பணிக்குப் போய்ச் சேருகிறது. யாரிடமும் கை நீட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாம் வகையில், ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரால் ஒரு குழு அமைந்து, வேறொருவர் நடத்தும் ஓட்டத்தில் கலந்துகொண்டு நன்கொடை திரட்டுகிறது. புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்காக உழைக்கும் ‘சோக்’ அமைப்புக்காக மாட்டு வேடம் போட்டுக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இந்த வகையைச் சேர்ந்தவர்கள். குழந்தை பெரிய மருத்துவமனையில் சிகிச்சை பெறும் நாட்களில் தொலைவிலிருந்து வந்த பெற்றோர் தங்குவதற்கு இல்லங்கள் நடத்துவது அந்த அமைப்பின் பணிகளில் ஒன்று. இங்கே நீங்கள் கட்டும் பதிவுக் கட்டணம் ஓட்டத்தை நடத்துபவருக்கும், நீங்கள் திரட்டும் பணம் தொண்டு நிறுவனத்துக்கும் போகின்றன. கட்டணம் கட்டியதையே நன்கொடை என்று எண்ணிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மூன்றாம் வகை நம் ஊர்களிலேயே கோவிலோ பள்ளியோ இளைஞர் மன்றமோ நடத்துவது. அளவில் சிறியது என்றாலும் மிகவும் கவனம் வேண்டியது இதற்குத்தான், ஏனென்றால் நடத்துபவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பொதுச்சாலையில் போட்டி நடத்த முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கியாயிற்றா, ஆம்புலன்ஸ் நிற்குமா, சந்திப்புகளில் போக்குவரத்தை யார் நிறுத்துவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், அழைப்பவர் சொந்த மாமாவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

பணம் போகும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது

இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம்மவர்கள் கேட்கக் கூச்சப்படும் இடம் இதுவே.

தொண்டு நிறுவனம் இலாப நோக்கற்ற அமைப்பாகச் சமூக மேம்பாட்டுத் துறையிடம் பதிவு பெற்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1997-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஒவ்வோர் அமைப்பும், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் தன் பணிகளையும் கணக்குகளையும் பற்றிய அறிக்கையைத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் நேர்மையான அமைப்பு உடனே தரும். சென்ற ஆண்டின் அறிக்கையையும் கேளுங்கள். இதே ஓட்டத்தில் சென்ற முறை எவ்வளவு திரண்டது, டி-சர்ட்டுக்கும் விருந்துக்கும் கூடாரத்துக்கும் எவ்வளவு போயிற்று, மீதி எந்தப் பணிக்குச் செலவாயிற்று என்று கேளுங்கள். நிர்வாகச் செலவே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல அமைப்புக்குச் சம்பளமும் வாடகையும் உண்டு. கேள்வி கேட்டவரைச் சந்தேகப்பிராணி போல நடத்தும் அமைப்பிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

அடுத்தது வரி. நன்கொடை தருபவர்களில் பலர், குறிப்பாகச் சொந்தத் தொழில் செய்பவர்கள், 18ஏ ரசீது கிடைக்குமா என்று கேட்பார்கள். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி ஒப்புதல் பெற்ற அமைப்புக்குத் தரும் உண்மையான நன்கொடையை, வரிக்குரிய வருமானத்தில் நூற்றுக்குப் பத்து என்ற அளவு வரை கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தந்தது அடுத்த ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கொடுத்தவருக்குப் பதிலாக ஏதாவது கிடைத்தால் அது நன்கொடை ஆகாது. உங்கள் பதிவுக் கட்டணத்துக்கு ஓட்டத்தில் ஓர் இடம் கிடைக்கிறது, ஆகவே அதற்கு 18ஏ ரசீது எதிர்பார்க்க வேண்டாம். நன்கொடையாளரின் பெயரும் முகவரியும் அடையாள எண்ணும் இல்லாமல் அமைப்பால் சரியான ரசீது தர முடியாது என்பதால், பணம் வாங்கும்போதே அவற்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நம் சமூகத்தில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. கோவிலுக்குத் தரும் நன்கொடைக்குப் பொதுவாக 18ஏ கழிவு கிடைப்பதில்லை. சமயப் பணி செய்யும் அமைப்புக்கு வரிவிலக்கு கிடைக்கலாம். ஆனால் நன்கொடையாளர் தாம் தந்ததை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள உரிமை தரும் பணிகளின் பட்டியலில் சமயப் பணி இல்லை. ஏழை மாணவர் உதவி, முதியோர் பராமரிப்பு, உடல்நலம் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஆகவே கோவில் மண்டபம் கட்டுவதற்காக நடக்கும் ஓட்டத்துக்கு நன்கொடை கேட்கும்போது வரிச் சலுகை உண்டு என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். கோவிலே நடத்தும் உணவு வழங்கல் அல்லது கல்வி நிதி தனி அமைப்பாக ஒப்புதல் பெற்றிருந்தால் நிலை வேறு. அந்த ஒப்புதல் எண்ணைப் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

நன்கொடையை உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வாங்குவதைத் தவிருங்கள். நிறுவனத்தின் கணக்கு எண்ணைக் கொடுத்து, குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரைப் போடச் சொன்னால், யார் எவ்வளவு தந்தார் என்பதும் தெரியும், உங்கள் மேல் ஒரு சொல்லும் வராது. இணையத் தளம் வழியாகத் திரட்டுவது எளிது. ஆயினும் தளம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் எவ்வளவு என்று பார்த்து, அதை நன்கொடையாளருக்கும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சொந்தச் செலவு

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டர்பனிலிருந்து கேப் டவுன் போவதென்றால் விமானக் கட்டணம், சைக்கிளைப் பெட்டியில் கட்டி அனுப்பும் செலவு, இரண்டு மூன்று இரவு தங்குமிடம், உணவு, பதிவுக் கட்டணம், சைக்கிள் பழுதுபார்ப்பு எல்லாம் சேரும். இவ்வளவும் 9,000 ராண்ட் ஆகி, நீங்கள் திரட்டக்கூடியது 2,000 ராண்ட் என்றால், அறத்துக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வதைவிட, ஆசைக்காகப் போகிறேன், போகும்போது கொஞ்சம் திரட்டித் தருகிறேன் என்று சொல்வது நேர்மையாக இருக்கும். ஆசைக்காகப் போவதில் தவறே இல்லை. கேப் டவுன் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது வாழ்நாளில் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டிய ஒன்று என்றே நானும் சொல்வேன். திரட்டிய பணத்திலிருந்து விமானச் சீட்டு எடுப்பதுதான் தவறு. சில குழுக்கள் அதை வெளிப்படையாகவே செய்கின்றன. அப்படிச் செய்யும் குழுவில் சேர வேண்டாம். டர்பன் அடங்கிய குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு அமஷோவா பெரும்பாலும் இதனால்தான் நல்ல தேர்வு: வீட்டிலிருந்து கிளம்பி அன்றே திரும்பிவிடலாம்.

உடல் தாங்குமா?

தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே நீரிழிவும் இதயநோயும் அதிகம் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. நாற்பது வயதைக் கடந்தவர்களும், வீட்டில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்தவர்களும், பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு முந்திய வாரம் பார்ப்பதில் பயனில்லை. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீண்ட நேரம் மிதிக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். அவர்கள் மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, குளுக்கோஸ் மிட்டாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உடன் ஓட்டுபவர் ஒருவரிடமாவது தம் நிலையைச் சொல்லியிருக்க வேண்டும். மார்பில் இறுக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், தலைசுற்றல் எது வந்தாலும் இறங்கிவிட வேண்டும். நன்கொடை தந்தவர்கள் ஏமாந்துவிடுவார்களே என்ற எண்ணம் அந்த நேரத்தில் வரக் கூடாது.

சைக்கிளில் ஓரளவு பழக்கம் உள்ளவர் 100 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூன்று மாதமாவது பயிற்சி செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டி, அவற்றில் ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம் போய், அந்தத் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசியில் 70 அல்லது 80 கிலோமீட்டரைச் சிரமமின்றிக் கடக்க முடிந்தால் போதும். அதற்கு நேரம் இல்லையென்றால் குறைந்த தூரத்தில் சேருங்கள். அமஷோவாவில் முழுத் தூரம் 106 கிலோமீட்டர்; ஆனால் கேட்டோ ரிட்ஜிலிருந்தும் ஹில்கிரெஸ்டிலிருந்தும் புறப்படும் குறைந்த தூர ஓட்டங்களும் உண்டு. ஹில்கிரெஸ்டிலிருந்து ஓட்டியவர் கொடுத்த நூறு ராண்டும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓட்டியவர் கொடுத்த நூறு ராண்டும் ஒன்றே.

பயிற்சிக் காலம் புரட்டாசியோடு சேர்ந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மாமிசம் தவிர்ப்பதால் எந்தக் குறையும் இல்லை. பருப்பு, தயிர், கொண்டைக்கடலை போதிய வலிமை தரும். ஆனால் சனிக்கிழமை ஒரு வேளை மட்டும் உண்டு விரதம் இருப்பவர்கள், மறுநாள் விடியலில் நீண்ட தூரம் போவதைத் தவிர்த்துப் பயிற்சியை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உடலுக்குத் தேவை. வாழைப்பழம், பேரீச்சம்பழம், சிறு உருண்டையாகப் பிடித்த புளிச்சோறு எல்லாமே வேலை செய்யும், கடையில் விற்கும் விலையுயர்ந்த ஜெல்தான் வேண்டும் என்பதில்லை. தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கும் என்பதால் உப்புக் கலந்த பானமும் கையில் இருக்கட்டும்.

சாலையும் சைக்கிளும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கடற்கரைக்கு வரும் ஓட்டம் என்பதால் அமஷோவா முழுவதும் இறக்கம் என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் உடல் சூடேறும் முன்பே பாலி ஷார்ட்ஸ் ஏற்றம் வந்துவிடும். அங்கே வேகம் காட்டியவர்கள் பின்னால் அதற்கு விலை கொடுப்பார்கள். பைன்டவுனை நோக்கி இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் இன்னும் கவனம் வேண்டிய இடம். செங்குத்தான அந்த இறக்கத்தில் வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உங்கள் கோட்டை விட்டு விலகாமல் வர வேண்டும். அக்டோபரில் மழையும் வரலாம், மலைப்பக்கத்திலிருந்து பெர்க் காற்றின் வெப்பமும் வரலாம். கேப் டவுனில் 109 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சாப்மன்ஸ் பீக் ஏற்றத்தைத் தாண்டிய பிறகும், கால்கள் சோர்ந்திருக்கும் நேரத்தில் சுய்கர்போசி ஏற்றம் காத்திருக்கும்.

தலைக்கவசம் இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே பிரேக் கட்டைகள், செயின், டயர்கள் எல்லாவற்றையும் கடையில் காட்டிச் சரிபார்த்து, புதிதாக எதையும் கடைசி வாரத்தில் மாட்டாமல், பஞ்சர் ஆனால் மாற்றுவதற்கு இரண்டு டியூபும் பம்பும் எடுத்துச் செல்லுங்கள். நாட்டின் சைக்கிள் விளையாட்டு அமைப்பான சைக்கிளிங் சவுத் ஆப்பிரிக்காவின் உறுப்பினர் அல்லாதவர்கள் ஒருநாள் உரிமம் வாங்க வேண்டியிருக்கும்; பதிவுப் படிவத்தில் அதற்கான இடத்தைப் பாருங்கள். பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். வாகனங்களாலும் ஆபத்து உண்டு, சைக்கிளைப் பறிப்பவர்களாலும் ஆபத்து உண்டு. டர்பன் கடற்கரை நடைபாதை தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றது. வடகரையின் எம்4 சாலைக்குப் போவதென்றால் விடியலில் குழுவாக, விளக்கும் பளிச்சென்ற சட்டையுமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். 112 என்ற எண்ணைக் கைபேசியில் அவசர அழைப்புக்காகப் போட்டு வையுங்கள்.

நன்கொடை கேட்கும் முறை

கேட்பதற்கு முன் நீங்கள் கொடுங்கள். உங்கள் பெயருக்கு நேரே முதல் தொகை உங்களுடையதாக இருந்தால், மற்றவர்களிடம் பேசும்போது குரலில் தயக்கம் இருக்காது.

யாரிடம் கேட்பது என்பதையும் யோசிக்க வேண்டும். கோவிலில் எல்லார் முன்னிலையிலும் தாளை நீட்டினால், அரசின் ‘சாசா’ சமூக உதவித்தொகையில் மாதத்தை ஓட்டும் ஆயாவும் தாத்தாவும்கூட மறுக்க முடியாமல் பையைத் திறப்பார்கள். அந்தப் பணத்தை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தனித்தனியே செய்தி அனுப்புங்கள். தருவதும் தராததும் அவர்கள் விருப்பம் என்பது செய்தியிலேயே தெரியட்டும். ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று உறுதி வாங்கும் வழக்கத்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. அது நடுவழியில் உடம்பு முடியாமல் இறங்க வேண்டியவரைத் தொடர்ந்து மிதிக்கத் தூண்டுகிறது. மொத்தத் தொகையாகவே வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. செய்தியில், பயணச் செலவு முழுவதும் என்னுடையது, நீங்கள் தருவது முழுவதும் இன்ன நிறுவனத்துக்குப் போகிறது என்ற இரண்டு வாக்கியங்களையும் எழுத முடிந்தால், வேறு பெரிய பேச்சு தேவையில்லை.

ஓட்ட வேண்டாம் என்று முடிவு செய்தால்

அது குறையல்ல. ஓட்டம் நடக்கும் காலையில் தண்ணீர் மேசையில் நிற்கவும், சந்திப்புகளில் கொடி பிடிக்கவும், பைகள் காக்கவும் ஆட்கள் எப்போதும் போதாமலே இருக்கிறார்கள். பதிவுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் அப்படியே ஒரு நிறுவனத்துக்குத் தரலாம்; 1921-இல் தொடங்கி, இன்று டர்பனின் சாட்ஸ்வர்த்தில் முதியோரையும் ஆதரவற்றோரையும் பேணிவரும் ஆரியன் பெனவலன்ட் ஹோம் போன்ற இல்லங்களுக்குச் சைக்கிள் வேண்டாம், மாதம் தவறாமல் வரும் சிறு தொகைதான் வேண்டும். சைக்கிள் மேல்தான் பற்று என்றால் குபேகா அமைப்பைப் பாருங்கள். பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கும் கிராமப்புறப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தரும் அமைப்பு அது. அதன் பெயரைத் தாங்கிய தென்னாப்பிரிக்கக் குழு 2015-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியில், மண்டேலா நாளான ஜூலை 18 அன்று, ஒரு கட்டத்தை வென்றது நம் நாட்டில் பலருக்கு நினைவிருக்கும்.

சேர முடிவு செய்தவர்கள் கடைசியாக ஒன்றை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும்: ஓட்டம் நடக்காவிட்டால் பணம் என்னவாகும்? 2015-இல் மலைத்தீயால் கேப் டவுன் ஓட்டம் 47 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017-இல் காற்று மனிதர்களையும் சைக்கிள்களையும் தூக்கி எறிந்ததால் அன்று காலையே நிறுத்தப்பட்டது. நன்கொடையாளருக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே, ஓட்டம் நின்றாலும், நான் பாதியில் இறங்கினாலும், உங்கள் பணம் நிறுவனத்துக்கே போகும் என்று எழுதி, அதற்கு அவர்கள் சம்மதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள், திரண்ட மொத்தத் தொகையையும் நிறுவனம் தந்த ரசீதையும் எல்லாருக்கும் அனுப்பிவையுங்கள். 18ஏ ரசீது வர வேண்டியவர்களின் பட்டியலை, ஒவ்வொருவருக்கும் ரசீது கிடைத்தது என்று உறுதியாகும் வரை கையில் வைத்திருங்கள்.